கால்விரலுக்கு 200 ஜூல்

ஐரோப்பாவில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை பார்க்கிற, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஓர் ஆளின் கால் கட்டைவிரலைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அந்த விரல்மேல் 20 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அது நசுங்கக் கூடாது. 200 ஜூல் என்று கணக்கு. ஐ.எஸ்.ஓ. 20345 என்ற தரம் அப்படித்தான் சொல்கிறது. ஷூவின் முன்மூக்குக்குள் களிமண் உருளை ஒன்றை நிறுத்திவைத்து, மேலேயிருந்து எடையைப் போட்டு, அப்புறம் களிமண் எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். 42 சைஸ் ஷூவுக்கு 14 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். 13 என்றால் அந்த ஷூ தேறாது. மொத்த லாட்டும் கேள்விக்குள்ளாகும்.

இருபத்திரண்டு வருஷமாக ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறேன். முதல் ஒன்பது வருஷம் ஸ்டிச்சிங் லைன், அதற்குப் பிறகு தரக்கட்டுப்பாடு. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தையல் ஒரு இஞ்சுக்கு எத்தனை, இடது வலது ஷூ நிறம் ஒத்துப்போகிறதா, பின்குதி நேராக நிற்கிறதா, எல்லாம் பார்த்துக் கழித்துப்போடுவேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றால், அங்கே நான் கழித்துப்போட வேண்டியவை நூற்றுக்கணக்கில் போகும். ஹேண்டில்பாரில் தொங்குகிற ஹெல்மெட். முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிய ஹெல்மெட். டேங்க்மேல் உட்கார்ந்து பயணம் செய்கிற ஹெல்மெட். கட்டட வேலைக்காரர் போடும் மஞ்சள் தொப்பி. கிரிக்கெட் தொப்பிக்குப் பிளாஸ்டிக் பூசின மாதிரி ஒன்று, அதில் வார் இருக்கும், கொக்கி இருக்காது. தலையில் சரியாக உட்கார்ந்து, தாடைக்குக் கீழே பூட்டிய ஹெல்மெட்டை எண்ணுவதற்கு இரண்டு கை விரல் போதும்.

மனித உடம்பின் ஒரு பாகத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, அச்சு செய்து, தோல் வெட்டி, தைத்து, சோதித்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர்கள் இவை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்க இதே பிழைப்புதான். அளவு என்றால் என்ன, பொருந்துவது என்றால் என்ன, தரம் என்றால் என்ன என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதே நாம்தான் நம் தலைக்கு என்று வரும்போது சாலையோரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதில் ஒன்றைக் கைகாட்டி, "அந்தக் கறுப்பு எவ்ளோபா?" என்று கேட்கிறோம்.

இந்தக் கட்டுரை சண்டைக்காக எழுதப்படுவது. முதலில் நம்மோடு. அடுத்தது அரசாங்கத்தோடு. கடைசியாகக் கம்பெனிகளோடு.

*

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கட்டிங்கில் இருந்தான். பெயர் வேண்டாம். தோலை மேஜையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவான். எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் இழுபடாது, எங்கே முள் கீறின தழும்பு, எங்கே உண்ணி கடித்த புள்ளி, எல்லாம் அந்த ஒரு தடவலில் தெரிந்துவிடும். ஷூவின் முன்பக்கத்துக்கு முதுகுத் தோல்தான் வேண்டும். வயிற்றுத் தோல் தொளதொளவென்று இருக்கும், அதை நாக்குக்கும் உள்பக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். தோல்தான் ஷூவின் விலையில் பெரிய பங்கு. ஒரு தோலிலிருந்து ஒரு ஜோடி கூடுதலாக எடுக்கிறவன்தான் கட்டர். அவன் எடுப்பான்.

2023 ஆடி மாசம், ராத்திரி ஒன்பது மணி வாக்கில், மின்னூர் தாண்டி சர்வீஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தான். முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் இருக்கும். சுற்றிப் போகச் சோம்பல்பட்ட ஒருவன் எதிர்த்திசையில் விளக்கு இல்லாமல் வந்தான். மச்சான் ஒதுங்கினான், ஜல்லியில் சக்கரம் சறுக்கியது, விழுந்தான். வண்டிக்குக்கூடப் பெரிய சேதமில்லை. ஹெல்மெட் போட்டிருந்தான். 250 ரூபாய்க்கு, முன்னாடி செக்கிங் நிற்கிறது என்று கேள்விப்பட்டு அவசரத்தில் வாங்கியது. விழுந்த வேகத்தில் அதன் கொக்கி பிய்த்துக்கொண்டு ஹெல்மெட் கழன்று உருண்டுபோய் ஓரமாகக் கிடந்தது. மறுநாள் நான்தான் போய் எடுத்துவந்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அடி முழுவதும் தலைக்கு.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டான். நடக்கிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். பெயர்கள்தான் வரவில்லை. "அது, அது" என்பான். கத்தரிக்கோலை "அது" என்பான். தோலைக் கையில் கொடுத்தால் தடவுவான். பிறகு நம் முகத்தைப் பார்ப்பான். பதினெட்டு வருஷம் அந்த உள்ளங்கையில் சேர்ந்திருந்தது போய்விட்டது. இப்போது பாக்கிங்கில், டப்பாவுக்குள் காகிதம் வைக்கிறான்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "ஹெல்மெட் போட்டும் இப்படி ஆயிடுச்சே. அப்புறம் எதுக்கு அதைப் போட்டுக்கினு?"

அந்த வாக்கியம்தான் என்னை இதை எழுதவைக்கிறது. அவன் ஹெல்மெட் போடவில்லை. ஹெல்மெட் மாதிரி ஒன்றைப் போட்டிருந்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஒரு ஷூக்காரனுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

*

அதற்கப்புறம் நான் எனக்கென்று ஒன்று வாங்கப் போனேன். அதுவரை என்னிடம் இருந்ததும் அதே ஜாதிதான், யோக்கியன் மாதிரிப் பேச எனக்கு உரிமை கிடையாது.

கம்பெனியில் பயன்படுத்துகிற அளவு நாடாவை எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளந்தேன். 57 சென்டிமீட்டர். மூன்று முறை அளந்தேன். வேலூரில் ஒரு கடைக்குப் போய், "பாய், 57 தலை. 580 சைஸ் காட்டுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலை அளவு சொல்லி வாங்க வந்த மொத ஆளு நீங்கதான். எல்லாரும் வண்டி கலரைச் சொல்லிக் கேப்பாங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதை விற்கிறார்.

580 என்று எழுதியிருந்தாலும் எல்லா 580-ம் ஒன்றல்ல. எல்லா 42 சைஸ் அச்சும் ஒன்றல்ல என்பது போலத்தான். சிலருக்குத் தலை உருண்டை, சிலருக்கு முன்பின் நீளம். என்னுடையது நீளம். முதலில் போட்டது பக்கவாட்டில் தொளதொளத்து நெற்றியில் மட்டும் குத்தியது. ஐந்தாவதுதான் எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்குப் பிடித்தது. கன்னத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளியது. சிறிசா இருக்கே என்று தோன்றும்தான். புது ஷூ போட்டால் வாடிக்கையாளனுக்கு நாம் என்ன சொல்வோம்? பழகப் பழக இளகும், இன்றைக்கே தொளதொளவென்று இருந்தால் ஆறு மாசத்தில் கழன்று வரும் என்போம். இதுவும் அதேதான். உள்பஞ்சு அமுங்கும்.

வாரைப் பூட்டிக்கொண்டு, பின்மண்டைக்குக் கீழே கையைக் கொடுத்து முன்பக்கமாக உருட்டிப் பார்த்தேன். கழன்று வரவில்லை. இந்த ஒரு சோதனையை மச்சானின் ஹெல்மெட்டுக்குக் கடையிலேயே செய்திருந்தால் அது அங்கேயே கையோடு வந்திருக்கும். கால் மணி நேரம் போட்டுக்கொண்டே கடையில் நின்றேன். எங்கேயும் வலிக்கவில்லை. பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதற்கு மேலே ஐ.எஸ். 4151, கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணைப் போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் எந்தக் கம்பெனி, எந்த ஊர், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். காட்டியது. விலை 1,700 ரூபாய். லட்ச ரூபாய் வண்டிக்குக் கடன், பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்குத் தவணை, அந்தப் போனுக்கு உறையும் கண்ணாடியும் ஐந்நூறு ரூபாய். இதற்கிடையில் 1,700 ரூபாயைக் கேட்டு மலைக்கிற மனசு வறுமையில் இருந்து வருவது இல்லை. போனுக்கு உறை வாங்குகிறவனுக்கு வறுமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

*

வாங்கினது சுலபம். கூட வாழ்ந்ததுதான் கஷ்டம், அதையும் மறைக்கக் கூடாது.

வேலூர் வெயில் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சித்திரையில் பகல் இரண்டு மணிக்கு ஹெல்மெட்டுக்குள் தலை வேகும். முதல் வாரம் கழுத்து வலித்தது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. ராத்திரியில் எதிர்வண்டி வெளிச்சம் முன்கண்ணாடிக் கீறலில் பட்டுச் சிதறியது. பத்து நாளில் உள்ளே ஒரு வாடை, டேனரி பக்கத்தில் வளர்ந்த எனக்கே தாங்கவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். ஷூக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்? மிச்சமிருந்த மெல்லிய செம்மறி லைனிங் தோலை அளவெடுத்து வெட்டி, நெற்றிப் பக்கத்துப் பஞ்சைக் கழற்றிவிட்டு, பேஸ்டிங்குக்குப் பயன்படுத்துகிற சொல்யூஷனைத் தடவி உள்ளே ஒட்டினேன். வியர்வையை உறிஞ்சும், பார்க்கவும் ஏற்றுமதிச் சரக்கு மாதிரி இருந்தது. லைனில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுணா" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

நாலாம் நாள் நெற்றிப் பக்கம் பள்ளமாக இருக்கிற மாதிரி உணர்ந்தேன். தோலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த வெள்ளைத் தெர்மாகோல் பாகு மாதிரி உருகிக் குழிந்திருந்தது. சொல்யூஷனில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்த வெள்ளை அடுக்குதான் ஹெல்மெட். வெளியே பளபளக்கிற ஓடு அடியைப் பரப்பிக் கொடுக்கும், கூரான பொருள் குத்தாமல் தடுக்கும். உள்பஞ்சு சொகுசுக்கு. நடுவில் இருக்கும் தெர்மாகோல் நசுங்குகிறது பாருங்கள், அந்த நசுங்கல்தான் உயிரைக் காப்பது. தலை ஒரு கணத்தில் நிற்காமல் கொஞ்சம் தூரம் பயணம் செய்து நிற்கிறது. இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தூரம்தான். அந்தத் தூரம் இல்லாவிட்டால் மண்டை நிற்கும், உள்ளே மூளை நிற்காது. ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்ப எழும்பாது. அதனால்தான் ஒரு விபத்தைப் பார்த்த ஹெல்மெட்டை வெளியே நன்றாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டும். பைக் கண்ணாடிமேல் மாட்டிவைத்தால் கண்ணாடித் தண்டு அந்த அடுக்கில் குழி போடும். 250 ரூபாய் ஹெல்மெட்டை உடைத்துப் பார்த்தேன். அந்த அடுக்கே இல்லை. ஓட்டுக்குள் ஸ்பாஞ்சும் துணியும்தான். பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இரண்டாவது ஹெல்மெட் வாங்கினேன். இன்னொரு 1,700. இந்தமுறை தோலும் இல்லை, சொல்யூஷனும் இல்லை. உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் குல்லா, தினமும் துவைத்துக் காயவைப்பது. வாரத்துக்கு ஒருமுறை உள்பஞ்சைக் கழற்றி ஷாம்பூ போட்டு அலசி நிழலில் உலர்த்துவது. முன்கண்ணாடியை ஈரத்துணியால் மட்டும் துடைப்பது, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது. கழுத்துவலி மூன்று வாரத்தில் போய்விட்டது. வெயில் போகவில்லை. ஆனால் நம் ஊரில் போய்லர் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், சுண்ணாம்புக் குழியில் பச்சைத் தோலை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருபது நிமிஷம் தலை வியர்ப்பதைத் தாங்க மாட்டோம் என்று நாம் சொன்னால் நமக்கே சிரிப்பு வர வேண்டும்.

*

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நான் தினமும் கேட்கிற சாக்குகள் இருக்கின்றன. "ஊருக்குள்ளதானே போறோம்." சரி, கணக்குப் போடுவோம். வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருந்து பக்கவாட்டில் சாய்ந்தாலும் அந்த உயரத்திலிருந்து விழுகிற தலை மணிக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வேகத்தில் தார்ரோட்டைத் தொடும். பிரியாணிக் கடைக்குப் போகிற வேகமா, பெங்களூர் போகிற வேகமா என்று புவியீர்ப்பு விசாரிப்பதில்லை. ஐந்து கிலோ தலைக்கு அது எழுபது ஜூல் சொச்சம். அந்த ஐரோப்பாக்காரனின் கால்விரலுக்கு நாம் தருகிற பாதுகாப்பு அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்.

"ஹார்ன் காதுல விழாது. பக்கவாட்டுல தெரியாது. கழுத்தெலும்பு போயிடும்." இதற்குப் பதில் 1981-லேயே வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். ஹெல்மெட்டால் சத்தம் கேட்காமல் போய், பார்வை மறைந்து விபத்து நடந்ததாக எதுவும் அகப்படவில்லை. கழுத்துக் காயமும் கூடவில்லை. அதற்கப்புறம் உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் காக்ரேன் அறிக்கை ஒன்று வெளியானது. ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதம், தலைக்காய அபாயத்தை 69 சதவீதம் குறைக்கிறது என்றது. நூற்றுக்கு நூறு இல்லைதான். ஹெல்மெட் தாயத்து இல்லை.

"தலையில எழுதினது நடக்கும்." இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். கம்பெனியில் ஒரு கார்டன் ஷூ கழிந்து திரும்பி வந்தால் விதி என்று யாராவது சொல்கிறோமா? எவன் தையலைத் தப்பாய்ப் போட்டான் என்று லைன் நம்பர் வரைக்கும் தேடுகிறோம். தோலுக்குக் காரணம் இருக்கிறது, தலைக்கு மட்டும் விதியா?

"மொதல்ல ரோட்டைப் போடச் சொல்லு, அப்புறம் ஹெல்மெட் கேக்கச் சொல்லு." இதில் பாதி நியாயம் இருக்கிறது. மச்சானை விழவைத்தது ஜல்லியும் எதிர்த்திசை வண்டியும். ரோட்டுக்காகச் சண்டை போடுவோம், நானும் வருகிறேன். ஆனால் சண்டைக்குப் போகிற வழியிலும் தலை வேண்டுமே.

*

இனி அரசாங்கம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கேட்கிறது. வாரால் தலையோடு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் உத்தரவு போட்டார். ஜூலை 1 முதல் ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் கட்டாயம், இல்லாவிட்டால் ஆவணங்கள் பறிமுதல். அந்த ஜூன் மாசக் கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா? கடைகளில் வரிசை. கையில் கிடைத்ததை வாங்கினோம். நம் ஊர்களில் ஹெல்மெட் என்ற பொருள் அப்படித்தான் உள்ளே வந்தது, தலைக்கான பொருளாக இல்லை, பறிமுதலிலிருந்து தப்பிக்கிற ரசீதாக. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 100-லிருந்து 1,000 ரூபாய் ஆனது. ரசீதின் மதிப்பு கூடியது. ஹெல்மெட்டின் மதிப்பு கூடவில்லை.

செக்கிங்கில் பார்ப்பது தலைமேல் ஏதாவது இருக்கிறதா என்பதை. வார் பூட்டியிருக்கிறதா, முத்திரை நிஜமா, உள்ளே தெர்மாகோல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 250 ரூபாய்க் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு போகிறவன் சட்டத்தை மதிக்கிறவனாகக் கடந்துபோகிறான். 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் பி.ஐ.எஸ். உரிமம் இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். அதற்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. அந்த ஆணை அமலில் இருக்கிற நாட்டில்தான் நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரத்தில் குடங்கள் காய்த்துத் தொங்குகின்றன. வாங்கினவனிடம் ஆயிரம் ரூபாய் கேட்கிற அரசு, விற்கிறவனுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையைத் தேடிப் போகட்டும். கால்விரல் ஷூவில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மொத்த லாட்டையும் நிறுத்துகிற கண்டிப்பு ஐரோப்பாக்காரனுக்கு உண்டு. அந்தக் கண்டிப்பு என் மச்சான் தலைக்கு ஏன் இல்லை?

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை அது. ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டினவர்கள் இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

அந்தப் பின்சீட்டு யாருடையது? நம் ஊரில் பெரும்பாலும் பெண்களுடையது. ஸ்டிச்சிங் லைனில் வரிசை வரிசையாக உட்கார்ந்து இந்த ஊர்களின் ஏற்றுமதியைத் தைக்கிறவர்கள் அவர்கள்தான். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டால் அண்ணன், தம்பி, புருஷன் வண்டியில் ஒருக்களித்து உட்கார்ந்து போவார்கள். ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட் இருக்கும், பின்னால் இருக்கும் தலையில் பூ இருக்கும். தில்லியில் 2014 வரை பெண்கள் ஹெல்மெட் போடுவது சட்டப்படியே அவரவர் இஷ்டம். நம் ஊரில் சட்டம் விலக்கு தர வேண்டிய அவசியம்கூட இல்லை, நாமே தந்துவிட்டோம்.

என் மனைவிக்கு வாங்கப் போனபோதுதான் கொண்டை என்று ஒரு விஷயம் இருப்பதே எனக்கு உறைத்தது. உயரக் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. "ஏங்க, இதுக்காக நான் தலை பின்றதை மாத்தணுமா?" என்றாள். அப்புறம் அவளே கழுத்தோரமாகத் தாழ்த்திப் பின்னிக்கொண்டாள். பூவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோயிலில் இறங்கினதும் வைத்துக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புர்காவின் தலைத்துணி வழுக்குகிறது. பட்டுத் துணிக்குப் பதில் பருத்தித் துணியை இறுக்கமாகச் சுற்றி, அதற்குமேல் அளந்து பார்த்து வாங்கினால் பிடிக்கிறது. சின்னச் சின்ன விஷயங்கள்தான். யாரும் உட்கார்ந்து யோசிக்காததால் மலை மாதிரித் தெரிகிறது. பெண் காலுக்குத் தனி அச்சு செய்கிற ஊரில் பெண் தலைக்கு 540, 560 சைஸ் கேட்டால் நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்குக் கேட்டால் சைக்கிள் கடைக்கு அனுப்புகிறார்கள். நாலு வயசுக்கு மேல் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. பள்ளிக்கூட வாசலில் காலையில் போய் நின்று பாருங்கள்.

*

கடைசியாகக் கம்பெனிகள்.

கேட்டுக்கு உள்ளே எங்களுக்குக் கையுறை உண்டு, முகமூடி உண்டு, மிஷின் ஊசிக்குத் தடுப்பு உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் வரும். தீயணைப்புக் கருவியின் தேதியிலிருந்து கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் வரை பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். ஆறு மணிக்கு அதே தொழிலாளி கேட்டைத் தாண்டினதும் அவன் யாருடைய கணக்கிலும் இல்லை.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. இந்தப் பகுதியின் தொழிலே கேட்டுக்கு உள்ளே லாபத்தை வைத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே செலவைத் தள்ளி வளர்ந்தது. குரோமியமும் உப்பும் பாலாற்றுக்கு, கிணற்றுக்கு, வயலுக்குப் போயின. 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் செலவைத் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. உலகச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிற தீர்ப்பு நம் ஆற்றைப் பற்றியது. கேட்டுக்கு வெளியே நடப்பதும் உன் கணக்குதான் என்பது அதன் சாரம். தண்ணீருக்குச் சொன்னதை ஆளுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஆர்டருக்கு ஓவர்டைம் வாங்கி, பத்து மணிக்கு ஆளைத் தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலையில் விடுகிறவருக்கு அந்த நெடுஞ்சாலையில் பங்கு இல்லையா?

நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. மொத்தமாக வாங்கினால் நல்ல ஹெல்மெட் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரும். தீபாவளி போனஸோடு தலை அளந்து ஒன்று கொடுக்கட்டும், பாதிப் பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஸ்டாண்டில் வெயிலில் வேகாமல் வைக்க ஒரு கூரை, ஒரு அலமாரி. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி பையைச் சோதிக்கிற மாதிரி வாரையும் ஒரு பார்வை பார்க்கட்டும். ஷூவுக்கு அச்சு செய்யத் தெரிந்தவர்கள், ஹெல்மெட்டின் உள்பஞ்சையும் கன்னப் பஞ்சையும் நம் தலைக்கு, நம் வெயிலுக்கு ஏற்ற மாதிரி இங்கேயே செய்ய முடியாதா? தோல் ஆராய்ச்சிக்கு 1948-லிருந்து அடையாறில் ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. கேட்டால் செய்வார்கள். நாம் கேட்கவில்லை.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். 1935-ல் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். லாரன்ஸ் ஆறு நாளில் இறந்துபோனார். கேர்ன்ஸ் அதை அப்படியே விடவில்லை. ராணுவத் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர்காக்கும் என்று 1941-ல் எழுதினார். அறுவை செய்யத் தெரிந்தவர், அறுவைக்கே வரவிடாமல் செய்வது எப்படி என்று யோசித்தார். இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறை 1949-ல் தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் ஜேக்கப் சாண்டியால். நாடு முழுக்க இருந்து தலையைக் காட்ட ஜனங்கள் நம் ஊருக்கு வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். உடைந்த தலையைத் திறந்து பார்க்க 1949-லேயே வழி பிறந்த ஊர், தலை உடையாமல் இருக்க இன்னும் அளவு நாடாவை எடுக்கவில்லை.

நான் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்குத் தலை அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். முதல் வாரம் சிரித்தார்கள். "இன்னாணா, தலைக்கு ஷூ தைக்கப்போறியா?" இதுவரைக்கும் நாற்பத்தொரு சீட்டு கொடுத்திருக்கிறேன். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறான். நாடாவை என்ன சொல்வது என்று அவனுக்கு வரவில்லை. ஆனால் யாராவது ஹெல்மெட் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டினால் எழுந்து போய் அவர்கள் தாடைக்குக் கீழே விரலைவிட்டு வாரை இழுத்துப் பார்க்கிறான். பூட்டாமல் இருந்தால், "அது, அது" என்கிறான்.